யார் கையில் மரக்கால்?

என் அப்பாயி கீழத்தஞ்சையில் நடவு நட்டு, அறுப்பு அறுத்து, களத்துமேட்டிலேயே கூன் விழுந்து போனவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அளவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. "ஆண்டை வூட்டுல ரெண்டு மரக்கா இருக்கும்டா. நம்மகிட்ட நெல்லு வாங்கறப்ப ஒண்ணு வரும். நமக்குக் கூலி அளக்கறப்ப இன்னொண்ணு வரும். பாத்தா ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்கும். உள்ள கைய விட்டு அடியத் தடவிப் பாத்தாத்தான் தெரியும்" என்பாள். 1940-களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் சங்கம் கட்டியபோது சாணிப்பாலையும் சவுக்கடியையும் மட்டும் எதிர்த்து நிற்கவில்லை. கள்ள மரக்காலையும் எதிர்த்தார்கள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வாத்தியார் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒன்று 'தேறுறது', மற்றொன்று 'தேறாதது'. சேரியிலிருந்து போன ஏழு பேரும் தேறாத வரிசையில். "ஒங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாதுடா" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. மழை பெய்யாது என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்த வருச அறுப்பில் ஆறு கலம் கூலி நெல்லைப் பதினான்கு பொம்பளைகளுக்குப் பங்கு வைக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு அஞ்சு மரக்கா போக ரெண்டு மரக்கா மிச்சம் என்று களத்தில் நின்றபடியே சொன்னவன் நான்தான். அதே நான்தான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறாதவன். இந்த இரண்டில் எது என் அறிவு? அதைச் சொல்லும் உரிமையை வாத்தியாருக்குக் கொடுத்தது யார்? இந்தக் கேள்வியோடுதான் வெகுதூரத்தில் நடந்த ஒரு கதைக்குப் போகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் பள்ளி உளவியலாளர் என்றொரு வேலை உண்டு. படிப்பில் பின்தங்கும் பிள்ளையைச் சோதித்து, அவனுக்கு என்ன உதவி தேவை, எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று சொல்பவர். இதன் தொடக்கம் நல்ல தொடக்கம். 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் ஓர் உளவியல் சிகிச்சையகம் தொடங்கினார். எழுத்துக்கூட்ட வராத ஒரு பையனை அவனுடைய ஆசிரியை அங்கே அழைத்து வந்தார். விட்மர் சோதித்தார். கண்ணில் குறை இருந்தது. கண்ணாடி போட்டுப் பயிற்சி கொடுத்தார். பிரான்சில் ஆல்ஃபிரட் பினே 1905-இல் தம் அறிவுச் சோதனையை உருவாக்கியதும் எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். அறிவு கூடாது, மாறாது என்று சொன்னவர்களை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார்.

அந்த மரக்கால் கடல் கடந்து போனதும் அதன் அடி மாறிவிட்டது. 1916-இல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி ஐ.க்யூ. என்ற எண்ணைப் பரப்பினார். செவ்விந்திய, மெக்சிகோ, கறுப்பினக் குழந்தைகளிடம் காணப்படும் மந்தம் அவர்களின் இனத்திலேயே உள்ளது, அவர்களைத் தனி வகுப்புகளில் வைக்க வேண்டும், நுண்கருத்துகள் அவர்களுக்கு ஏறாது, நல்ல வேலையாட்களாக மட்டும் ஆக்கலாம் என்று எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. எங்கள் வாத்தியாரின் குரல்தான் கேட்டது. அவருக்கு மனு போதுமாயிருந்தது. டெர்மனுக்குப் புள்ளிவிவரம் தேவைப்பட்டது.

சுமார் ஐம்பது ஆண்டுகளில் இது எங்கே போய் நின்றது? 1960-களின் இறுதியில் கலிஃபோர்னியா பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தவர் சுமார் 9 சதவீதம். 'கற்பிக்கத்தக்க மனவளர்ச்சி குன்றியோர்' என்று அன்று பெயரிடப்பட்டிருந்த வகுப்புகளிலோ அவர்கள் சுமார் 27 சதவீதம். அந்த வகுப்பில் போட்டால் போட்டதுதான். வழக்கமான பாடத்துக்குத் திரும்புவது அரிது. 1971-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆறு கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் வழக்குப் போட்டார்கள். லாரி பி. வழக்கு என்று அதற்குப் பெயர்.

அந்த ஆறு பிள்ளைகளையும் கறுப்பின உளவியலாளர்கள் மறுபடி சோதித்தார்கள். முதலில் பிள்ளைகளோடு பேசிப் பழகினார்கள். கேள்வியை அவர்களுக்குப் புரியும் சொல்லில் கேட்டார்கள். எதிர்பார்த்த விடையாக இல்லாவிட்டாலும் அறிவோடு சொன்ன விடைக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். ஆறு பேருமே 'குன்றியோர்' என்ற கோட்டுக்கு மேலே வந்தார்கள். அதே பிள்ளை, அதே தலை. மாறியது எதிரில் உட்கார்ந்திருந்த ஆள்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். உன்னைவிடச் சின்னப் பையன் உன்னோடு சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்? சோதனை எதிர்பார்த்த விடை, சண்டை போடாமல் விலகிப் போவேன் என்பது. விலகிப் போனால் நாளைக்கு நாலு பேர் அடிப்பார்கள் என்ற தெருவில் வளர்ந்தவன், திருப்பி அடிப்பேன் என்கிறான். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் அறிவு. சோதனைக்கு அது பூஜ்யம்.

1979-இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பு எழுதினார். கறுப்பினக் குழந்தைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்ப ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றார். அந்த வழக்கில் வெளிப்பட்ட ஓர் உண்மையை நாம் மறக்கக் கூடாது. டெர்மனின் சோதனையை 1937-இல் திருத்தியபோது, ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் காட்டிய கேள்விகளை நீக்கினார்கள். இரண்டு பாலுக்கும் அறிவு சமம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ப அளவைச் சரிசெய்தார்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வித்தியாசம் வந்தபோது மட்டும் கேள்வியைத் தொடவில்லை. பிள்ளையைக் குறை சொன்னார்கள். 1949-இல் வந்த வெக்ஸ்லரின் குழந்தைகளுக்கான சோதனையையோ வெள்ளைக் குழந்தைகளை மட்டும் வைத்தே தரப்படுத்தியிருந்தார்கள். ஆக, அளவு என்பது மலைபோல இயற்கையில் கிடப்பதல்ல. மனிதர்கள் உட்கார்ந்து செய்கிற மரக்கால். அதைச் செய்யும்போது யாரைச் சமமாக நினைக்கிறார்களோ அவர்கள்தான் அதில் சமமாக வருவார்கள்.

இப்போது படிப்புக்கு வருவோம். 1954 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் பாயின்ட்டில் உளவியலாளர்கள் கூடிப் பள்ளி உளவியலுக்கு யாரை, எப்படித் தயாரிப்பது என்று விவாதித்தார்கள். தேயர் மாநாடு என்பது அதன் பெயர். டாக்டர் பட்டம் பெற்றவரே பள்ளி உளவியலாளர், இரண்டாண்டு மேற்படிப்பு மட்டும் முடித்தவர் உளவியல் பரிசோதகர் என்று இரண்டு படிகள் வைக்கச் சொன்னார்கள். இந்தப் படிச்சண்டை இன்றும் ஓயவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் மூன்றாண்டு மேற்படிப்பும் 1200 மணி நேரப் பயிற்சியும் முடித்தால் பள்ளியில் வேலை பார்க்கலாம். டாக்டர் பட்டம் என்றால் குறைந்தது நான்கு ஆண்டு, 1500 மணி நேரப் பயிற்சி, ஆய்வேடு. 'உளவியலாளர்' என்ற பெயரே டாக்டர் பட்டத்துக்கு உரியது என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் 1977 முதலான நிலைப்பாடு.

அந்தப் பட்டத்தின் வாசலில் யார் நின்றார்கள்? உளவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் பிரான்சிஸ் சம்னர். ஆண்டு 1920. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியாவில்தான் கென்னத் கிளார்க் 1940-இலும் அவர் மனைவி மேமி கிளார்க் 1943-இலும் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றார்கள். பட்டம் வாங்கியும் மேமிக்குத் தகுந்த வேலை எளிதில் கிடைக்கவில்லை. இருவரும் 1946-இல் ஹார்லெமில் குழந்தைகளுக்கான ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். மந்தம் என்று பள்ளிகள் ஒதுக்கிய பிள்ளைகளை மறுபடி சோதித்தபோது, பலர் அந்த வகுப்புகளில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று தெரிந்தது. லாரி பி. வழக்குக்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்பே இது நடந்தது. வெள்ளைப் பொம்மையை நல்லது என்றும் தன் நிறப் பொம்மையைக் கெட்டது என்றும் கறுப்புக் குழந்தையே சொன்னதை உலகுக்குக் காட்டியவர்களும் இவர்கள்தான். இனப்பிரிவினைப் பள்ளிகளைச் சட்டவிரோதமாக்கிய 1954 மே மாதத் தீர்ப்பு கென்னத்தின் ஆய்வை மேற்கோள் காட்டியது. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் தேயர் மாநாடு.

ஆகவே, நம்மவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி மரக்காலைக் கையில் எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தோழர்களே, அங்கே ஒரு முள் இருக்கிறது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இருவர் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். விடைத்தாள்களின் முகப்பில் சாதியை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் சிறியது, ஆனால் இருந்தது. குறைத்துப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. 'நம்ம பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்' என்ற கணக்கு நம் கைக்குள்ளும் ஏறிவிட்டது. தன் நிறப் பொம்மையைக் கெட்டது என்ற குழந்தை வளர்ந்து வாத்தியாராகி விடைத்தாள் திருத்துகிறது.

பிள்ளைக்குள்ளும் அது ஏறுகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமமாகவே முடித்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியை அறிவித்துவிட்டு அதே வேலையைக் கொடுத்தபோது தலித் பையன்கள் முடித்த எண்ணிக்கை குறைந்தது. 2006-இல் அமெரிக்கப் பொருளாதார இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இது. சோதனைத்தாள் கொடுக்கும் முன்னாலேயே சோதனை தொடங்கிவிடுகிறது.

அப்படியென்றால் மரக்காலையே உடைத்துப் போடலாமா? அதையும் யோசிக்கத்தான் வேண்டும். 1986-இல் பெக்கமின் தடை விரிவாக்கப்பட்டு, சிறப்புக் கல்வி எதற்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. சோதனை கூடாது என்றானது. பிறகு கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் சிலரே நீதிமன்றம் போனார்கள். எங்கள் பிள்ளைக்கு வாசிப்பதில் குறை இருக்கிறதா என்று தெரிய வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சோதனை எங்கள் பிள்ளைக்கு நிறத்தால் மறுக்கப்படலாமா என்று கேட்டார்கள். 1992-இல் அதே பெக்கம் அந்த விரிவாக்கத்தை நீக்கினார். அந்தப் பெற்றோரின் கேள்வி நியாயமானது. நம் ஊரிலும் அப்படித்தான். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகரிக்கிறது. காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து புரண்டு வந்தால் அதற்கு ஒரு பெயரும் சான்றிதழும் பரீட்சையில் கூடுதல் நேரமும் கிடைக்கிறது. சேரிப் பிள்ளைக்கு எழுத்து புரண்டு வந்தால் அவனுக்குக் கிடைப்பது 'மக்கு' என்ற பெயர் மட்டும். அளக்காமல் விடுவதும் ஒரு கள்ள மரக்கால்தான்.

அப்போது எது நியாயம்? என் வரையில் இப்படிச் சொல்வேன். ஒரு பிள்ளையை அளக்கும் உரிமை பட்டத்திலிருந்து வருவதில்லை. சாதியிலிருந்தும் வருவதில்லை, அது நம் சாதியாகவே இருந்தாலும். அளந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வேன் என்ற பொறுப்பிலிருந்துதான் வருகிறது. விட்மர் அந்தப் பையனை அளந்தார், கண்ணாடி போட்டுவிட்டார். டெர்மன் அளந்தார், கதவைச் சாத்தினார். உதவி பின்னால் வராத எண், எண் இல்லை, அது தண்டனை. டாக்டர் பட்டத்துக்குச் செலவாகும் அந்த நான்கு ஐந்து ஆண்டுகளின் நியாயமும் இதில்தான் இருக்கிறது. சோதனையை நடத்தச் சொல்லித் தருவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. கையிலிருக்கும் மரக்காலைச் சந்தேகப்படுவதற்கும், அதைவிடக் கடினமான காரியமாக, தன் கையையே சந்தேகப்படுவதற்கும்தான் அவ்வளவு காலம் வேண்டும். அதைச் சொல்லித் தராத பட்டம், முத்திரை மட்டும் போட்ட கள்ள மரக்கால். 2021 அக்டோபரில் அமெரிக்க உளவியல் சங்கம் இனவெறிக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் குன்றிய வகுப்பில் உட்கார்ந்து வயதாகிப்போனவர்களின் வருசங்களை எந்தத் தீர்மானம் அளந்து கொடுக்கும்?

நம் பிள்ளைகள் உளவியல் படிக்க வேண்டும், ஆய்வுப் பட்டம் வரைக்கும் போக வேண்டும் என்று நான் சொல்வேன். அந்த அறைக்குள் நம்மவர் இல்லாத வரைக்கும் கேள்வியைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது, தேறாத வரிசையில் உட்கார்ந்த தன்னையும் அங்கே பார்க்க வேண்டும். என்னோடு அந்த வரிசையில் இருந்த ஏழு பேரில் பத்தாவது வரைக்கும் போனது நான் ஒருவன். மற்ற ஆறு பேருக்கு எது ஏறியிருக்கும், எது ஏறியிருக்காது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அப்பாயி சொன்னது அவர்களுக்காகவும்தான். உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பாருங்கள். மரக்கால் நம் கையில் இருக்கும்போதும்.