கடைசியாகத் திறந்த தேதி

அப்பாவின் பழைய கணினியில் மதர்போர்ட் செத்துப்போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. மொத்தமே 4 ஜிபி. அதை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுத்து, என் மடிக்கணினியில் வர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடவிட்டேன். மூன்று இரவுகள் டிரைவர்களோடு மல்லுக்கட்டிய பிறகு விண்டோஸ் 98 எழுந்தது.

அவருடைய கடிதங்களுக்காகத்தான் இத்தனை பாடும். யூனிகோட் பரவலாவதற்கு முன்பு முரசு அஞ்சலில் அடித்தவை. இன்றைய கணினியில் திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரியும். மாற்றிக்கொள்ளக் கருவிகள் உண்டுதான். அவர் பார்த்த திரையிலேயே பார்க்கணும் என்பது என் பிடிவாதம்.

ஒரு கடிதம் சித்தப்பாவுக்கு. 2003. பாட்டி வீட்டை விற்றதில் இரண்டு பேரும் பேசாமல் இருந்த காலம். முதல் பத்தியில் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டாம் பத்தியில் கோபம் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு குற்றச்சாட்டின் பாதியில் வாக்கியம் நிற்கிறது.

எனக்கு அது பொறுக்கவில்லை. வாக்கியத்தை முடித்து, ‘என்ன இருந்தாலும் நீ என் தம்பி’ என்று ஒரு வரி சேர்த்து, சேமித்தேன். பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரீஸ்டோர்.

ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டால் மூல வட்டு உறைந்துவிடும். அதன்பின் நாம் செய்வதெல்லாம் தனியாக ஒரு கோப்பில் விழும். ரீஸ்டோர் அழுத்தினால் அந்தக் கோப்பு குப்பைக்கு. கடைசியாக எப்போது திறந்தார்கள் என்பதையும் விண்டோஸ் 98 குறித்துவைக்கும். அந்தத் தேதியும் பழையதற்கே போய்விடும். நான் அங்கே போகவே இல்லை.

“ரோல்பேக் பண்ணிட்டியே, அப்புறம் என்ன?” என்றான் கூட வேலை செய்யும் நண்பன். நியாயம்தான். வேலையிடத்தில் தினமும் செய்வது இதுதானே, உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவது. தவறு என்றால் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்க வேண்டாமா? அப்பா இல்லை. கடிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் அடுத்தவர் டைரியைப் படித்துவிட்டு, மேலே இருந்த தூசியையும் பழையபடி தூவி வைப்பவனை என்னவென்று சொல்வது? படித்ததைவிடத் தூசி தூவியதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது அந்தக் கடிதத்தை நினைத்தால் என் வரியும் சேர்ந்தே, அப்பா குரலிலேயே கேட்கிறது.

தீபாவளிக்கு வந்த சித்தப்பா கேட்டார்: “அண்ணன் எனக்கு ஏதும் எழுதி வச்சிருந்தாராப்பா?”

“ஒன்னு இருக்கு சித்தப்பா. முடிக்கல.”

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். நின்ற இடத்தில் நின்றார்.

“மீதி என்ன சொல்ல வந்திருப்பாரு?”

எனக்குத் தெரிந்த மீதியைச் சொல்லாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.