கேட்காத கடன்

ஜனாஸாத் தொழுகைக்காக அணிவகுத்து நிற்கையில் மய்யித்தின் வாரிசு ஒருவர் முன்னால் வந்து நின்று சில வார்த்தைகள் சொல்வது நம் ஊர்களில் வழக்கம். மரணித்தவர் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் மன்னித்துவிடுங்கள், மன்னிக்க முடியாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு என்பார். 2018இல் வாப்பா மௌத்தானபோது அந்த வார்த்தைகளை நான் சொன்னேன். தொண்டை அடைத்தது. ஆனாலும் தெளிவாகவே சொன்னேன். பலர் பிறகு என் கையைப் பிடித்து, நல்ல பிள்ளை என்றார்கள்.

அன்று மய்யித்து வீட்டில் பெண்களுக்கு நடுவே என் ராத்தா உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. வாப்பாவின் கடனை ஊரறிய ஏற்றுக்கொண்ட எனக்கு என் கடன் அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. அது நினைவுக்கு வர ஆறு வருடங்கள் எடுத்தன. நினைவூட்டியது வங்கிக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஏற்பட்ட ஆசை.

முதலில் அந்த வங்கிக் கடனைச் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் குடிசையில் படித்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, யுத்தம் முடிந்த பின் திருக்கேதீஸ்வரத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் உள்ள எங்கள் பழைய வளவுக்குத் திரும்பினோம். வீடிருந்த இடத்தில் பற்றைக்காடு. 2016இல் வளவின் உறுதியை ஈடுவைத்து ஒரு வங்கியில் பத்து லட்சம் ரூபா எடுத்தேன். வட்டி 14 சதவீதம், பதினைந்து வருடம், மாதத் தவணை 13,317 ரூபா. வட்டி ஹராம் என்பதை அறியாமல் எடுக்கவில்லை. மழைக்கு முன் நான்கு சுவர் எழும்ப வேண்டும் என்ற அவசரத்தில் அறிந்தே எடுத்தேன். அதற்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை.

கணிதம் கற்பிக்கிற வாத்தியாராக இருந்தும் அந்தத் தவணைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது பின்னர்தான். முதல் மாதம் கட்டிய 13,317 ரூபாவில் 11,667 ரூபா வட்டி. முதலில் கழிந்தது 1,650 ரூபா மாத்திரம். ஐந்து வருடங்களில் எட்டு லட்சம் ரூபா வரை கட்டியும் பத்து லட்சம் முதலில் இன்னும் எட்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரம் ரூபாவுக்கு மேல் நின்றது. பதினைந்து வருடமும் கட்டி முடித்தால் மொத்தம் இருபத்து நான்கு லட்சம். தவணை மாறாமல் இருந்தாலும் ஆரம்ப வருடங்களில் அது பெரும்பாலும் வட்டிக்கே போகிறது; முதல் கரைவது கடைசி வருடங்களில்தான். ஆகவே இடையில் கையில் கிடைக்கும் ஒரு தொகையை முதலில் கட்டினால் பலன் பெரிது. எட்டு வருட முடிவில் 84 தவணைகள் மிச்சம் இருந்தன. அந்த நேரத்தில் இரண்டு லட்சம் கட்டினால் 84 தவணை 52 ஆகும். இரண்டு லட்சத்துக்கு 32 தவணைகள், அதாவது நான்கு லட்சத்து இருபத்தாறாயிரம் ரூபா. இதைவிட இலாபமான காரியம் ஒரு வாத்தியார் சம்பளக்காரனுக்கு வேறு என்ன உண்டு?

அந்த இரண்டு லட்சம் எளிதாகச் சேரவில்லை. மனைவி பிடித்த சீட்டு, நான் விடைத்தாள் திருத்திய காசு, மாலை வகுப்பு, இரண்டு ஆடு. இரண்டு பெருநாளைக்கு எனக்குப் புதுச் சாரம் இல்லை. சேர்ந்ததும் ஓர் இரவு கணக்குக் கொப்பியை விரித்து மனைவிக்கு விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"ராத்தாட காப்புக் காசு?"

"ராத்தா கேக்கல்லியே" என்றேன்.

"பேங்க் கேக்காமலே குடுக்கப் போறீங்க. ராத்தா கேட்டாத்தான் குடுப்பீங்களா?"

2017இல் சுவர் எழும்பிக் கூரை ஏறாமல் நின்றபோது ராத்தா தன் காப்புச் சோடியை விற்றுத் தந்த காசு அது. நான்கு பவுணுக்குச் சற்றுக் குறைவு. தவணை பேசவில்லை. எழுதவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று ஆண்டு பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானும் எழுதவில்லை. உடன்பிறப்புகளுக்கிடையில் எழுதுவது வெட்கம் என்று நினைத்தோம்.

மனைவியின் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் உறுதியானவை என்றே அன்று நம்பினேன்.

முதலாவது மார்க்கம் சார்ந்தது. வங்கிக் கடன் வட்டிக் கடன். வட்டியிலிருந்து எவ்வளவு விரைவில் வெளியேறுகிறோமோ அவ்வளவுக்குத் தவ்பா நிறைவாகும். ராத்தாவின் கடனோ கர்ழ் ஹஸன், அழகிய கடன். அழகியது கொஞ்சம் பொறுக்கட்டும்.

இரண்டாவது கணக்கு சார்ந்தது. வட்டி ஓடுகிற கடனை முதலில் அடைக்க வேண்டும், ஓடாததைக் கடைசியில் அடைக்க வேண்டும். எந்தக் கணக்காளரும் இதைத்தான் சொல்வார். மிச்சம் பிடிக்கும் காசில் பிறகு ராத்தாவுக்குத் தாராளமாகவே கொடுக்கலாம்.

மூன்றாவது, அவர் கேட்கவில்லை.

இரண்டாவது பதிலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன்படி நடக்கும் உலகில் வட்டி வாங்குபவர் முதல் வரிசையில் நிற்பார். அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவர் கடைசி வரிசையில் நிற்பார். அவர் பின்னால் நிற்பதற்கு ஒரே காரணம் அவர் நல்லவராக இருந்ததுதான். வடக்கில் நுண்நிதிக் கடன்கள் பெருகிய வருடங்களில் இதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் கண்டோம். வாரத்தவணைக்காரர் வருகிற நாளில் பெண்கள் எதை விற்றாவது கட்டினார்கள். பக்கத்து வீட்டாரிடம் கைமாற்றாக வாங்கியது மாதக்கணக்கில் தள்ளிப் போனது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. கைமாற்றுக் கொடுத்த அயலவருக்கு எந்த அரசாங்கமும் ஈடு செய்யவில்லை. அதன் விளைவு இன்று தெரிகிறது. கைமாற்றுக் கேட்டால் வீடுகள் தயங்குகின்றன. வட்டியில்லாக் கடன் நம் சமூகத்தில் அருகி வருவதற்கு ஈமான் குறைந்ததே காரணம் என்று மேடைகளில் பேசுகிறோம். கொடுத்தவரைக் கடைசியில் நிறுத்தும் நம் பழக்கமும் ஒரு காரணம் என்று நாம் பேசுவதில்லை.

முதலாவது பதிலும் நான் நினைத்த அளவு உறுதியானதல்ல. வங்கியின் தவணை உடன்பட்ட தவணை. அது 2031இல்தான் முடிய வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலோ கர்ழ் கொடுத்தவர் எந்த நேரமும் திருப்பிக் கேட்கும் உரிமை உடையவர். தவணை குறிக்காத கடன் எப்போதாவது கொடுக்கலாம் என்ற கடனல்ல, எந்நாளும் கொடுக்க வேண்டிய நிலையில் நிற்கும் கடன். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. நான் வசதியற்றவன் என்று எண்ணியிருந்தேன். சம்பளத் துண்டைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள். ஆனால் வங்கிக்குக் கேட்காமலே இரண்டு லட்சம் கொடுக்க முடிந்த அந்த நாளில், ராத்தாவைப் பொறுத்தவரை நான் வசதியுள்ளவனாகிவிட்டேன். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிற இறைவசனத்தின் நிழலில் நான் அதன் பிறகு ஒதுங்க முடியாது. வட்டியிலிருந்து மீள்வது எனக்கும் என் ரப்புக்கும் இடையிலானது, அவன் மன்னிப்பவன். அடியானின் உரிமையை அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்று நம் உலமாக்கள் சொல்லிவந்திருக்கிறார்கள்.

மூன்றாவது பதில் என்னை நீண்ட காலம் காப்பாற்றியது. கேட்காத கடனைப் பிந்திக் கொடுப்பது பாவமில்லை என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார்.

2011 காலபோக அறுவடை முடிந்த சமயம். நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஒரு லாண்ட்மாஸ்டர் வளவுக்குள் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய கிழவரை வாப்பா உடனே அடையாளம் காணவில்லை. பாலாவிக் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கமக்காரர். 1990இல் எங்களைப் போலவே ஊர் விட்டு, தமிழகத்தின் மண்டபம் முகாம் வரை போய், முந்தைய வருடம்தான் திரும்பியிருந்தார். இழுவைப் பெட்டியில் ஐந்து மூட்டை நெல்.

"தொண்ணூறில நீங்க குடுத்த விதைநெல் நானா" என்றார்.

கட்டுக்கரைக் குளத்துப் பாய்ச்சலில் வாப்பாவுக்கும் சிறிது வயல் இருந்தது. அந்த வருட விதைப்புக்கு அவர் கொடுத்திருந்த நெல் அது. மாசி அறுவடையில் திரும்புவதாகப் பேச்சு. ஒக்டோபர் முடிவில் நாங்கள் ஊரில் இல்லை. கடைக் கொப்பியும் விட்டு வந்த பொருட்களோடு போயிற்று. வாப்பாவுக்கு அந்தக் கொடுக்கல் மறந்தே போயிருந்தது.

"எனக்கு ஞாபகமில்லையே" என்றார் வாப்பா.

"எனக்கு இருக்கு. விதைச்சதை வெட்ட நான் குடுத்து வைக்கேல்ல. அதுக்காகக் கடன் இல்லையெண்டு போகுமோ?"

பின்னர்தான் அறிந்தோம், அவர் அப்போது தறப்பாளின் கீழ் இருந்தார். கமக் கடனும் இருந்தது. முதல் அறுவடையில் முதல் வண்டி எங்கள் வளவுக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்க ஆதாரமும் இல்லை.

இருபது வருடம் பிந்திய அந்தக் கடனில் வாப்பா எதையும் இழக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெல் நெல்லாகத் திரும்பியது. 1990இன் ஐந்து மூட்டை பத்துப் பேருக்கு எத்தனை நாள் சோறோ, 2011இன் ஐந்து மூட்டையும் அத்தனை நாள் சோறு. ராத்தா எனக்குக் காப்பாகத் தந்திருந்தால் நானும் காப்பாகத் திருப்ப வேண்டியிருந்திருக்கும். அவர் விற்றுக் காசாகத் தந்தார். காசு உருகும் பொருள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியது. அந்த விலையேற்றம் எனக்கு உதவியது. என் வட்டி நிலையானது, தவணை மாறவில்லை, கடனின் பாரம் உண்மையில் குறைந்தது. அதே விலையேற்றம் ராத்தாவின் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தையும் தின்றது. நான்கு பவுணுக்குக் கிட்டிய பொருளின் பெறுமதியாக இருந்த அந்தத் தொகைக்கு இன்று ஒரு பவுண்கூட வராது. நாணயத்தில் பட்ட கடனைத் தொகைக்குத் தொகைதான் திருப்ப வேண்டும், பெறுமதிக்கல்ல என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல் தீர்மானித்தது. வட்டிக்கு வாசல் திறக்காதிருக்க அந்தத் தீர்ப்பு அவசியம் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு கொடுத்தவரைக் காப்பதற்கு ஒரே வழி, வாங்கியவன் விரைந்து திருப்புவதுதான். நான் பிந்திய ஒவ்வொரு வருடமும் ராத்தாவின் காப்பில் ஒரு துண்டை வெட்டியிருக்கிறேன். வங்கி என் மீது வைத்தது தெரிந்த வட்டி. நான் ராத்தா மீது வைத்தது பெயரில்லாத ஒன்று.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு காசோடு போனேன். ராத்தா வாங்க மறுத்தார்.

"நீ முதல்ல ஊட்டுக் கடன முடி தம்பி. எனக்கென்ன அவசரம்?"

நான் நிம்மதியோடுதான் எழுந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. கேட்டாயிற்று, மறுத்துவிட்டார், இனி வங்கிக்குப் போகலாம். படலை வரை வந்த மருமகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உம்மாட மால ரெண்டு வருஷமா அடகிலதானே மாமா. வருஷா வருஷம் வட்டியக் கட்டி மாத்தி வைக்கிறாங்க."

2022இல், மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்றபோது, அவளுடைய பல்கலைக்கழகச் செலவுக்காக வைத்த மாலை. என் காசு கையில் இருந்திருந்தால் அந்த மாலை அடகுக்குப் போயிருக்காது. இரண்டு பெருநாள் சாரம் வாங்காமல் என் வீட்டு வட்டியைக் குறைக்க நான் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். வட்டி எங்கும் போகவில்லை. என் வீட்டிலிருந்து ஒரு பங்கு அவர் வீட்டுக்கு நகர்ந்திருந்தது. என் முதலாவது பதில், அந்த மார்க்கப் பதில், அந்தப் படலையில் முடிந்தது.

திரும்பி உள்ளே போய்க் காசை மேசையில் வைத்தேன். ஒரு லட்சத்து எண்பதாயிரமும் அதற்கு மேல் மிச்சமிருந்த இருபதாயிரமும். நபி (ஸல்) அவர்கள் தாம் வாங்கியதை விடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். முன்பேசாமல் கூட்டிக் கொடுப்பது வட்டியல்ல, அழகிய அடைப்பு என்றேன். ராத்தா பெரும் தொகையை எடுத்துக்கொண்டு இருபதாயிரத்தை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். நான் பிறகு மருமகளிடம் கொடுத்தேன். மாலை மீண்டது. காப்பு மீளவில்லை, அதை மீட்க என்னால் இயலுமா என்பதும் தெரியாது.

குறைந்த சம்பளத்தில் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது நல்ல காரியம் அல்ல என்று நான் சொல்ல வரவில்லை. இயன்றவர்கள் அடைக்கட்டும், மேலே தந்த கணக்கு பொய்யல்ல. ஆனால் வங்கிப் படியேறுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து, கேட்காதவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். கேட்க மாட்டார்கள் என்பதால் மறந்த பெயர்களை. நம் ஜனாஸாவில் நம் பிள்ளைகள் முன்னால் நின்று பொறுப்பேற்பார்கள். ஆனால் எழுதாத, கேட்கப்படாத கடனுக்கு உரியவர் அன்று எழுந்து வருவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னித்தேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போவார். அதைச் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவராதிருப்பதும் நம் பொறுப்புத்தானே?

என் தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. மாதம் 13,317 ரூபா. 2031 வரை போகும். இப்போது ஒரு புதிய கொப்பி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ராத்தாவின் பெயர் கோடிட்டு வெட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே, நான் மறந்திருந்த மேலும் இரண்டு பெயர்கள் உள்ளன.