இது அன்பளிப்பா?

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்கான நிவாரணத்தையும் சேர்த்தே இறக்கியிருக்கிறான் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்த நற்செய்தி. எனவே வைத்தியம் செய்து கொள்வது தவக்குலுக்கு மாற்றமன்று. ஆனால் இறங்கிய நிவாரணம் ஏழையின் கைக்கு எட்டாமல் போனால்?

தென்காசி, கடையநல்லூர், வடகரைப் பக்கம் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இல்லாத வீடு அரிது. மாதம் பிறந்தால் அரிசிக் கணக்குக்கு முன்னால் மருந்துக் கணக்கு வந்து நிற்கிறது. அரபு நாட்டில் உழைக்கும் மகனுக்குப் பாரமாகக் கூடாதென்று மாத்திரையை ஒடித்து, ஒரு நாள் மருந்தை இரண்டு நாளைக்கு வைத்துக் கொள்ளும் தாய்மார்களும் இருக்கிறார்கள். குற்றாலத்து மூலிகைக் காற்றே போதுமென்று தம்மைத் தேற்றிக் கொள்வோரும் உண்டு. காற்று நல்லதுதான், அது சர்க்கரையைக் குறைத்து விடாது.

விலை ஏறுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் மார்க்கத்தின் தராசில் வைத்துப் பார்ப்போம்.

சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனி, ஜின்கோவிட் என்ற சத்து மருந்தைப் பரப்புவதற்காக டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டெலிவிஷன், பிரிட்ஜ், லேப்டாப் போன்றவற்றை வழங்கியது. இவ்வகையில் சுமார் 4 கோடியே 72 லட்சம் ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி, வருமான வரியில் கழிவு கேட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்று, 2022 பிப்ரவரி 22-ல் கம்பெனி தோற்றது. டாக்டர்கள் இப்படி வாங்குவதை மருத்துவக் கவுன்சில் 2009-லேயே தடுத்திருக்கிறது. வாங்குவது தடையென்றால் கொடுப்பது மட்டும் எப்படி முறையாகும் என்பது தீர்ப்பின் சாரம். இந்த இலவசங்களின் செலவு மருந்தின் விலையிலேயே ஏற்றப்படுகிறது என்பதையும் நீதிபதிகள் சுட்டிக் காட்டினார்கள். ஆக, கொடுத்த பெயர் கம்பெனிக்கு. கொடுத்த பணம் நோயாளியுடையது!

இப்னுல் லுத்பிய்யா என்பவரைப் பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலிக்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், ஒரு பங்கு உங்களுக்குரியது, மற்றது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். நாயகம் அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. மருந்துச் சீட்டு எழுதும் கையாக இல்லாவிட்டால் அந்தத் தங்கக் காசு வந்திருக்குமா? நம் சமுதாயத்து டாக்டர்களும், பெட்டியோடு கம்பெனிக்காக அலையும் இளைஞர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும். வாங்காத நல்ல டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் துஆ.

மதீனாவில் விலை ஏறியபோது நாயகம் அவர்கள் விலை நிர்ணயிக்க மறுத்தார்களே என்று சிலர் கேட்கலாம். உண்மை. நேர்மையான லாபத்தை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் விற்பவர்கள் வரம்பு மீறி மக்களுக்குத் தீங்கு நேரும்போது, விவரமறிந்தோரைக் கலந்து அரசு விலை வைக்கலாம் என்று ஹனபி இமாம்கள் எழுதியுள்ளார்கள். நம் அரசும் 2013-ம் ஆண்டின் ஆணைப்படி அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை வைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. சீட்டை வாங்கும்போதே, இதே மருந்து வேறு பெயரில் மலிவாகக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24-ல் தமிழகமெங்கும் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இதற்காகவே உள்ளன. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். டாக்டரைக் கேட்காமல் நீங்களே மாற்றிக் கொள்ளாதீர்கள்.

ஜமாஅத்தார் ஜகாத் நிதியிலிருந்து ஏழை நோயாளிகளுக்கு உதவலாம். ஹனபி மத்ஹபில் மருந்தாகவே வாங்கி அவர் கையில் உடைமையாகக் கொடுத்தாலும் நிறைவேறும். ஷாபி மத்ஹபினர் ரொக்கமாகவே கொடுத்து விட வேண்டும். மருந்தை அவரே வாங்கிக் கொள்ளட்டும்.