வெண்கலக் குதிரையும் எரிந்த களஞ்சியங்களும்

வாஷிங்டன் நகரின் மாஸசூஸெட்ஸ் அவென்யூவில், ஷெரிடன் வட்டம் என்று வழங்கும் சந்தியின் நடுவே, வலக்கையில் தொப்பியைப் பற்றி, பின்வரும் படையை நோக்கி உடலைத் திருப்பி, பாய்ந்து வந்த குதிரையைச் சட்டென்று இழுத்து நிறுத்தும் கோலத்தில், குதிரைப்படைத் தளபதி பிலிப் ஷெரிடனின் வெண்கலச் சிலை 1908 முதல் நின்றுகொண்டிருக்கிறது. சிற்பி கட்ஸன் போர்க்லம் தேர்ந்துகொண்ட தருணம் 1864 அக்டோபர் 19-ஆம் நாளுக்குரியது. அன்று விடியுமுன் சீடர் கிரீக்கில் தென்மாநிலப் படையினர் எதிர்பாராமல் தாக்க, நிலைகுலைந்து பின்வாங்கிய தம் வீரர்களை, வின்செஸ்டரிலிருந்து ஏறத்தாழ 12 மைல் விரைந்து வந்து மறித்துத் திருப்பி, பொழுது சாய்வதற்குள் தோல்வியை வெற்றியாக்கினார் ஷெரிடன். அந்தச் சவாரியைப் பாடிய கவிஞர் தூரத்தை 20 மைலாக்கினார். கவிகளுக்கு அந்தச் சலுகை எந்நாட்டிலும் உண்டு.

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களுக்கு எதிரான யுத்தத்தில் கிடைத்த வெற்றி இது என்பதையும், அடுத்த மாதத் தேர்தலில் லிங்கன் மீண்டும் ஜனாதிபதியாக இது துணைசெய்தது என்பதையும் எண்ணினால், இந்தப் பராக்கிரமத்துக்குச் சிலை வைத்தது தகும் என்றே தோன்றும். ஆனால் ஒரு மனிதனின் ஒரு நாளுக்கு மட்டும் சிலை வைக்க முடியுமா? வெண்கலத்தில் வார்க்கப்படுபவன் மனிதன். அவனோடு அவனுடைய மற்ற நாட்களும் பீடத்தின்மேல் ஏறிவிடுகின்றன.

சீடர் கிரீக் சண்டைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அதே ஷெனண்டோவாப் பள்ளத்தாக்கிலிருந்து தலைமைத் தளபதி கிராண்டுக்கு எழுதிய அறிக்கையில், கோதுமையும் வைக்கோலும் உழவுக் கருவிகளும் நிறைந்த 2,000-க்கு மேற்பட்ட களஞ்சியங்களையும், 70-க்கு மேற்பட்ட மாவு ஆலைகளையும் அழித்துவிட்டதாக ஷெரிடன் தெரிவித்திருந்தார். கட்டளை கிராண்டினுடையது. பகைவனுக்குச் சோறு கிடைக்காமற் செய்தால் போர் விரைவில் முடியும், முடிந்தால் அடிமைகள் விரைவில் விடுபடுவர் என்ற சமாதானம் வெறும் சாக்கல்ல. எனினும் எரிந்தவற்றுள், ஆயுதம் ஏந்துவதே பாவமென்று ஒதுங்கி வாழ்ந்த மெனனைட் குடியானவர்களின் களஞ்சியங்களும் இருந்தன. இந்தத் தீயைச் சிற்பி வார்க்கவில்லை. யாருடைய வீடும் எரியாத ஒரு நாளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

நல்ல காரியத்துக்கென்று கையிலெடுத்த சாதனம், அந்தக் காரியம் முடிந்த பிறகும் கையைவிட்டு இறங்கவில்லை. 1868-இல் பெருஞ்சமவெளிகளின் படைப்பொறுப்பேற்றிருந்த ஷெரிடன், பழங்குடியினர் நகர இயலாத பனிக்காலத்தில் அவர்களுடைய குடியிருப்புகளையே தாக்கத் திட்டமிட்டார். அந்தக் கோடையில் செயென் என்னும் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர் சிலர் கான்ஸாஸ் குடியேறிகளைக் கொன்றிருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நவம்பர் 27-ஆம் நாள் வைகறையில் வாஷிட்டா ஆற்றங்கரையில் ஷெரிடனின் கீழ்ப் பணியாற்றிய கஸ்டரின் படை புகுந்த ஊர், சமாதானத்தையே நாடிவந்த பிளாக் கெட்டில் என்னும் தலைவருடையது. அவரும் அவர் மனைவியும் சுடப்பட்டு மாண்டனர். மாண்டவர்களில் வேறு பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கூடாரங்களும் குளிர்காலத்துக்கென்று சேர்த்திருந்த இறைச்சியும் கொளுத்தப்பட்டன. பிடிபட்ட நூற்றுக்கணக்கான குதிரைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஷெரிடனின் சொந்தக் குதிரையான ரியென்ஸி 1878-இல் இறந்தபோது, அதன் தோலைப் பதப்படுத்தி உருவம் கெடாமல் காத்தார்கள். ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் அதை இன்றும் காணலாம்.

ஷெனண்டோவாவுக்கும் வாஷிட்டாவுக்கும் இடையே இன்னொரு ஷெரிடனும் உண்டு. போருக்குப்பின் லூயிஸியானாவையும் டெக்ஸாஸையும் ஆண்ட இராணுவ அதிகாரியாக, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளுக்குக் குறுக்கே நின்றவர்களை, ஆளுநர்களென்றும் பாராமல் பதவியிறக்கி, அதனால் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்ஸனின் சினத்துக்கு ஆளாகி 1867-இல் அந்தப் பொறுப்பையே இழந்தவர் அவர். ஆகவே புண்ணியத்தை வரவிலும் பாவத்தைச் செலவிலும் எழுதி, மிச்சம் வரவாயின் சிலை நிற்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லப் பலர் முற்படுவர். இந்தக் கணக்கு செல்லாது. லூயிஸியானாவில் உரிமை பெற்றவனின் நன்றி, வாஷிட்டாவில் தாயை இழந்தவனுக்குப் பட்ட கடனைத் தீர்க்காது. கடன்பட்டது ஒருவரிடம், செலுத்தியது வேறொருவரிடம். அன்றியும், களஞ்சியத்தை எரித்துப் பகைவனைப் பணியவைத்த அதே முறைதான் வரவிலும் செலவிலும் வருகிறது.

பொதுநிலத்தில் நிற்கும் சிலை, நாட்டார் எல்லோருடைய பெயராலும் செய்யப்படும் மரியாதை. பழங்குடியினர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வழங்கிய சட்டம் 1924-இல்தான் வந்தது. ஆகவே 1908-இல் சிலை வைக்குமுன் செயென் மக்களை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. 

சிலையை உருக்கிவிட்டால் சீடர் கிரீக்கும் சேர்ந்து மறையும். அப்படியே விட்டுவைத்தால் வாஷிட்டா மறைந்தே கிடக்கும். சவாரியின் பெயரோடு எரிந்த களஞ்சியங்களையும் வாஷிட்டாவையும் அந்தப் பீடத்தின் அருகிலேயே பொறித்துவைப்பது இவ்விரண்டினும் நியாயமான வழி. ஆனால் அந்த வாசகத்தை எழுதும் உரிமை சர்க்காருக்கு மட்டும் உரியதன்று. செயென் மக்களின் சம்மதம் அதற்கு வேண்டும். அவர்கள் ஒருகால், கல்வெட்டு வேண்டாம், குதிரையைப் பீடத்திலிருந்து இறக்குங்கள் என்று சொல்வார்களாயின், கேட்டவர்கள் அந்த விடையையும் ஏற்கச் சித்தமாயிருந்தே கேட்டிருக்க வேண்டும்.