கத்தியும் கணக்கும்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணமலை நிற்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோவில். கருப்பணசாமிக்கு அரிவாள் நேர்ந்து செலுத்துவது இவ்வட்டாரத்து மக்களின் நெடுநாள் வழக்கம். கொல்லர் கூலி பெற்றார். நேர்ந்தவர் கடன் தீர்த்தார். அத்துடன் அந்த அரிவாள் சந்தையை விட்டே விலகிவிடுகிறது. அவ்வூருக்குச் சென்று திரும்பிய அன்று எம்முள் ஒரு வினா எழுந்தது: எம் வீட்டு அலமாரியில் உள்ள கத்திகள் சந்தையை விட்டு விலகியவையா, அன்றிச் சந்தைக்காகக் காத்திருப்பவையா?

ஆம், நாமும் கத்தி சேர்ப்பவர்தாம். திருப்பாச்சேத்திப் பட்டறையில் லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்த வெட்டுக்கத்தி முதல், கொம்புப் பிடியிட்ட பழைய பேனாக்கத்தி வரை இருபதுக்கு மேல் உண்டு. இவ்வாசைக்கு இரு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று மகிழ்ச்சி; மற்றொன்று முதலீடு.

முதலீடு என்பது வெறுங்கற்பனை அன்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் பிரிட்டிஷ் தளபதி பெயர்டுக்கு அளிக்கப்பட்டது. 2023 மே மாதம் லண்டன் போனாம்ஸ் ஏலத்தில் அது 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. முன்மதிப்பீட்டைப் போல் அது ஏறத்தாழ ஏழு மடங்கு!

மறுபுறமும் பார்ப்போம். 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் மறைந்து அரசும் முடிவுற்றபின், அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றுள் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தது. எஞ்சியவற்றில் மிகுதியானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. வயல் நெல் தரும். வீடு வாடகை தரும். கத்தி எதையும் ஈனாது. அடுத்தவர் ஒருவர் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தால் மட்டுமே இலாபம்.

அப்படியாயின் முதலீடு குற்றமா? இல்லை. வணிகம் நமக்கு ஆகுமாக்கப்பட்டது. பெருமானார் (ஸல்) அவர்களும் வணிகம் செய்தவர்களே. ஆனால் எண்ணம் மாறும்போது கடமையும் மாறுகிறது. சொந்த உபயோகத்துக்கும் மகிழ்வுக்கும் வைத்துள்ள கத்திக்கு ஜகாத் இல்லை. தங்கம், வெள்ளி இழைத்தவற்றின் கணக்கு வேறு. விற்கும் எண்ணத்தோடு வாங்கியதோ வணிகச் சரக்கு. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், அன்றைய விலையில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்கு உரியது. சட்ட மேதைகள் இதில் ஒரு நுட்பமும் கண்டனர். சரக்கைச் சொந்தமாக்கிக்கொள்ள எண்ணம் ஒன்றே போதும். சொந்தப் பொருளைச் சரக்காக்கவோ எண்ணம் மட்டும் போதாது, விற்பனையும் நடந்தாக வேண்டும்.

இங்கேதான் நாம் பிடிபட்டோம். மாதச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு கத்தி வாங்கி வந்த அன்று இல்லத்தரசி முகம் சுளித்தார். "நாளைக்கு இது இரட்டிப்பு விலைக்குப் போகும்" என்று சமாதானம் சொன்னோம். ரமலானில் ஜகாத் கணக்கு எழுத அமர்ந்தபோதோ, "இவை வெறும் ஆசைப் பொருள்கள்" என்று அலமாரியைத் தாண்டிச் சென்றோம். இல்லாளிடம் முதலீடு; ஏழையிடம் பொழுதுபோக்கு! ஒரே கத்திக்கு இரண்டு பெயர் சூட்டி இருவரையும் ஏய்த்தோம். மகிழ்ச்சியும் பாவமன்று, முதலீடும் பாவமன்று. வசதிக்கேற்ப ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதே பிழை.

ஆகவே ஒவ்வொரு கத்தியையும் கையிலெடுத்து இரண்டு வினாக்கள் கேட்டோம். நாளை இதன் விலை பாதியானாலும் இது எமக்கு இன்பம் தருமா? சாணை பிடித்தால் விலை குறையும் என்று அஞ்சாமல், பக்ரீது நாளில் இதைக் குர்பானிக்கு எடுப்போமா? திருப்பாச்சேத்திக் கத்தி இரண்டிலும் தேறியது. தாளில் சுற்றியபடியே ஐந்தாண்டு கிடந்த நான்கு கத்திகள் தேறவில்லை. வாங்கிய அன்றே விற்கும் நினைவு இருந்ததை நாம் அறிவோம். அவற்றை வேறு பெட்டியில் வைத்து, எம் மற்ற வணிகச் சரக்கோடு சேர்த்து, தவறிய ஆண்டுகளுக்கும் உரியதைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். தொகை பெரிதன்று. இல்லத்தரசியிடமும் உண்மையைச் சொன்னோம். அதுவே கடினமாக இருந்தது.

கத்தி சேர்ப்போர் சிலரே. ஆயினும் நகை, மனை, நூல், நாணயம் என நம் வீடுகளில் இரண்டு பெயரோடு உறங்கும் பொருள்கள் எத்தனை! அவற்றை வாங்கிய நாளின் எண்ணத்தை வாங்கியவர் அறிவார். வல்ல இறைவன் அறிவான். மூன்றாம் சாட்சி தேவையில்லை.