மாலைக்கண்: எப்போதிலிருந்து?

உச்சி வெயிலில் பெங்களூரு ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்தின் அடியில் நுழைபவருக்குச் சில நொடிகள் எதிரில் வருபவர் தெரிவதில்லை. இது நோயன்று. விழித்திரையில் பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். மங்கிய ஒளிக்கு உரிய குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி. கூம்புகள் இருளுக்குப் பழகப் பத்து நிமிடம் போதும். குச்சிகள் முழுமையாகப் பழக அரை மணிக்கும் மேலாகும். குச்சிகள் தம் வேலையைச் செய்ய இயலாத நிலையே பெரும்பாலும் மாலைக்கண்ணாக வெளிப்படுகிறது. ஆகவே அது ஓர் அறிகுறி. நோயை இனித்தான் தேட வேண்டும்.

குச்சிக்குள் இருக்கும் ரோடாப்சின், ஆப்சின் என்ற புரதமும் வைட்டமின் ஏ தரும் ரெட்டினாலும் சேர்ந்தது. ஒளி பட்டதும் ரெட்டினால் வடிவம் மாறிப் பிரிந்துபோகும். விழித்திரையை ஒட்டிய நிறமி அடுக்கு அதைப் பழைய வடிவுக்கு மீட்டு அனுப்பினால்தான் மறுபடி பார்க்க முடியும். இத்துறை ஆய்வுக்காக ஜார்ஜ் வால்டு 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி, ரெட்டினாலே போதாமல் போகலாம். உணவில் குறைவு ஒரு காரணம். நன்றாக உண்டும் கல்லீரல், கணையம், குடல் கோளாறால் உடலில் சேராமை மற்றொன்று. குறையை ஈடுசெய்தால் பெரும்பாலும் சில நாள்களிலேயே இரவுப் பார்வை தெளியும். பாட்டிமார் ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுத்தது உணவுக் குறைவு வகைக்குச் சரியான மருத்துவமே. 1970இல் இந்திய அரசு குழந்தைகளுக்காகத் தொடங்கிய வைட்டமின் ஏ திட்டமும் இதைக் குறித்ததே. அதன் பிற்கால அட்டவணை: ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் அலகு, பின்னர் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கொரு முறை 2 லட்சம்.

ரெட்டினால் இருந்தும் மீட்கும் நொதி பிறவியிலேயே பழுதானால்? ஆர்பிஇ65 மரபணுக் கோளாற்றில் நிகழ்வது அதுதான்; அங்கே கீரை உதவாது. அதற்கான மரபணுச் சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய்த் தொகுதியிலோ குச்சிகளே மெல்ல அழிகின்றன. உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு அது உண்டு. முதலில் இரவுப் பார்வை குன்றும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். தாய்மாமன் திருமணம் வழக்கிலுள்ள கன்னட, தமிழ்க் குடும்பங்களில் இதன் ஒடுங்கு மரபு வகைகளுக்கு வாய்ப்பு கூடுகிறது.

கண்புரை, கடும் கிட்டப்பார்வை, முற்றிய கிளாக்கோமா, பாவையைச் சுருக்கும் சொட்டுமருந்து ஆகியவையும் இரவில் தடுமாற வைக்கும். பிறவி முதல் இருந்து வளராமலே நிற்கும் வகையும் உண்டு.

அதனால்தான் கண் மருத்துவர் “எப்போதிலிருந்து?” என்று தொடங்குகிறார், அடுத்து, பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களா என்பார். பரம்பரை ஐயம் எழுந்தால் விழித்திரையின் மின் துலங்கலை அளப்பார். உடன்பிறந்தவர்களையும் அழைத்துவரச் சொல்வார்.