ஊர் திரும்பும் பிள்ளை



நம் ஒடுகத்தூரிலிருந்து ஒருவன் ஆம்பூருக்குச் செருப்புக் கம்பெனி வேலைக்குப் போகிறான். இன்னொருவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு மூட்டை கட்டுகிறான். பிழைப்பைத் தேடிப் போவது பாவமல்ல. ஆனால் மனிதன் போகும் வழியே நோயும் போகிறது. அவன் திரும்பும்போது கூடவே திரும்புகிறது.

2020-ஆம் ஆண்டை மறந்தோமா? சென்னைக் கோயம்பேடு சந்தையில் பற்றிய கொரோனா, ஊர் திரும்பிய கூலியாட்களோடு விழுப்புரம், கடலூர், அரியலூர் வரை போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு பல கிராமங்களில் எல்லையிலே முள்ளை வெட்டிப் போட்டார்கள். முள் காலைத் தடுக்கும், நோயைத் தடுக்குமா? ஊராருக்குப் பயந்தவன் இருமலை மறைப்பான். மறைத்த நோயே அதிகம் பரவும்.

காசநோய் இன்றும் நம்மிடையே இருக்கிறது. அது காற்றில் பரவுவது. ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துறங்கும் கூலியாட்களை எளிதில் பற்றும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் தணிந்து உடம்பு தேறியதும், மாத்திரையை விட்டுவிட்டு வேறு ஊருக்கு வேலைக்கு ஓடுகிறவர் உண்டு. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாய் எழும்பக்கூடும், பிறரையும் தொற்றும்.

அப்படியானால் நோயாளியை விலக்கி வைப்பதா? 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பங்கினருக்குச் சானடோரியத்திலும், மறு பங்கினருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவரும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் அதிகம் தொற்றவுமில்லை. தவறாமல் உண்ட மருந்தே அவர்களைக் காத்தது. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் வைத்திய முறையை மாற்றிற்று.

ஆகையால் பெற்றோரே, ஊர் திரும்பும் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நடுவில் வேலைக்குப் போக நேர்ந்தால் அங்கே முன்கூட்டியே சொல்லுங்கள். போகும் ஊரில் மருந்து தொடர வழி செய்வார்கள். அவனுக்குத் தனித் தட்டு வைக்காதீர்கள். தட்டினால் பரவும் நோயல்ல அது.

நம் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டாருக்கும் இதையே செய்யுங்கள். பாஷை தெரியாதென்றால் கூடவே போங்கள். சூசையப்பரும் தேவதாயும் பாலகனை எடுத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடினபோது அவர்களும் அந்நியரே அல்லவா? அதை நினைத்து, இந்த வாரம் இருமல் கேட்கும் ஒரு வீட்டுக்காவது போய் அன்போடு விசாரிப்போமாக. ஆமென்.